கேட்டில் தொங்கும் லுங்கி

நம் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் புதிதாக வந்த ஒரு பெண் கேட்டிருந்தாள். "சொந்தமாகப் பிராக்டிஸ் ஆரம்பிக்கிறேன். பண்ணைக்காரர்களை முதல் முறை பார்க்கப் போகும்போது என்ன உடுத்திக்கொண்டு போவது?" நல்ல கேள்வி. அதற்கு நீங்கள் போட்ட பதில்களைப் படித்தபோதுதான் எனக்கு ஆத்திரம் வந்தது. ஒருவர் வெளிர்நீலச் சட்டை என்கிறார். ஒருவர் ஷூவில் முகம் தெரிய வேண்டும் என்கிறார். இன்னொரு மேதாவி, கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் பண்ணைக்காரர் நம் ஃபீஸை முடிவு செய்வார் என்று எழுதி, கீழே சிரிக்கிற பொம்மை போட்டிருக்கிறார். எல்லோரும் கால்நடை மருத்துவம் படித்தவர்கள். ஒருவருக்குக்கூடக் கோழி ஞாபகம் வரவில்லை.

குழுவில் பதில் சொன்னால் சண்டையாகிவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன். நான் இப்போது எந்தப் பண்ணைக்கும் போவதில்லை. முட்டி தேய்ந்துவிட்டது. யாரிடமும் நல்ல பெயர் வாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

துணி முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. தீவனக் கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தனியாக வந்தபோது, எனக்கு முன்பே நாமக்கல்லில் தனியாகப் பிராக்டிஸ் செய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் போய் நின்றேன். பண்ணைக் கணக்கு, மருந்து, போட்டி என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் என் சேலையைத்தான் பார்த்தார்.

"ஏம்மா, இது ஊட்ல கட்டறதா?"

"ஆமாங்க சார். பண்ணைக்குத்தானுங்களே போறோம்."

"கம்பெனி டாக்டர் கசங்கின சட்டையோட போனா, பாவம் நெறைய வேலைம்பாங்க. நீ கசங்கிப் போனா, பாவம் வேலையே இல்லைம்பாங்க. உனக்குப் பின்னால கம்பெனி இல்ல. போர்டு இல்ல. உன்ற துணிதான் போர்டு. போய் நல்லதா நாலு சேலை எடு."

எடுத்தேன். அவர் சொன்னது உண்மை என்று முதல் மாதத்திலேயே தெரிந்தது. கஞ்சி போட்ட சேலையோடு போனால் ஆபீஸ் அறையில் மின்விசிறிக்கு நேராக நாற்காலி போட்டார்கள். இல்லாவிட்டால் வாசலில் நின்றபடியே பேசி அனுப்பினார்கள்.

ஆனால் அதே பெரியவர் காரின் பின்சீட்டில் எப்போதும் ஒரு வாளி வைத்திருப்பார். அதற்குள் பழைய லுங்கி, பனியன், ரப்பர் செருப்பு. ஆபீஸில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்து பேசுவார். வேறு பண்ணைக் கிருமி தன்னோடு வராமலிருக்க, ஷெட்டுக்குப் போகும் முன் குளித்து, அந்தப் பண்ணையின் லுங்கியைக் கட்டுவார். பண்ணையில் லுங்கி இல்லையென்றால் வாளியைத் திறப்பார். ஒரு நாளைக்கு ஒரே பண்ணைதான். சீக்கு உள்ள பண்ணைக்குப் போனால் அடுத்த மூன்று நாள் வீட்டை விட்டு நகர மாட்டார். அவர் எனக்கு இதையெல்லாம் சொல்லவே இல்லை. பார்த்துத் தெரிந்துகொண்டேன். சேலையைப் பற்றிச் சொன்னவர் வாளியைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று பிறகு யோசித்திருக்கிறேன். கோழி டாக்டருக்கு அதைப் போய்ச் சொல்வார்களா என்று நினைத்திருப்பார். உங்களைப் பார்த்தால், சொல்லத்தான் வேண்டும் போலிருக்கிறது.

இந்தத் தொழிலில் பெண்ணாக இருந்தால் இன்னொரு தொல்லை உண்டு. பண்ணைக் கேட்டை ஒட்டி ஒரு குளியலறை இருக்கும். குளித்து மாற்றிக்கொள்ள அங்கே ஆணியில் லுங்கியும் சட்டையும் தொங்கும். எல்லாம் ஆண்களுக்கானது. கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது. ஒரு காலால் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று குளித்திருக்கிறேன். தாழ்ப்பாள் போடச் சொன்னால், "நம்ம பண்ணைல பொம்பளைங்க யாருங்க வரப்போறாங்க" என்பார்கள், என்னிடமே. பிறகு நானே ஒரு நைட்டி கொண்டுபோக ஆரம்பித்தேன். மேலே பண்ணைச் சட்டை, தலைக்குத் துண்டு. சங்ககிரி பக்கம் ஒரு பண்ணையில் அந்தக் கோலத்தில் ஷெட்டிலிருந்து வந்துகொண்டிருந்தேன். முதலாளியின் மகன் படிப்பு முடித்து அப்போதுதான் வந்திருந்தான். நண்பர்களோடு நின்றவன் என்னைப் பார்த்து, "யக்கா, நாலு காபி போடுங்க" என்றான்.

"போடறேன் சாமி. அதுக்கு முந்தி உங்க மூணாவது ஷெட்ல தண்ணிக் குழாய் ஒழுகி எருவெல்லாம் புழுவு. அதைப் போய்ப் பாரு."

நண்பர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து அந்தப் பண்ணைக்கு வேறு டாக்டர் போனார். நைட்டி போடாத டாக்டர். எனக்குப் பண்ணை போயிற்று. ஆனால் அந்தப் பண்ணைக் கோழிக்கு என் உடம்பிலிருந்து எதுவும் போகவில்லை.

கேட்டுக் குளியலறைக்குத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தது ஒரே ஒரு ஆள். ராசிபுரத்துக்கு இந்தப் பக்கம் பண்ணை வைத்திருந்த ஈஸ்வரி. கணவருக்குப் பக்கவாதம் வந்த பிறகு அவள்தான் ஷெட்டுகளைப் பார்த்துக்கொண்டாள். நான் முதல் முறை போய்த் திரும்பிய மறுநாளே ஆசாரியை வைத்துக் கதவைச் சரிசெய்து, உள்ளே ஒரு கண்ணாடியும் மாட்டி, எனக்கென்று இரண்டு நைட்டி தைத்துப் போட்டாள். "டாக்டரம்மா, பூப்போட்டதுதான் கெடைச்சுதுங்க, கோச்சுக்காதீங்க" என்றாள். கேட்டில் நான் எழுதிக் கொடுத்த விதிகளைப் பெயின்டில் எழுதி வைத்தாள். வெளியிலிருந்து வருகிறவர் குளிக்காமல், பண்ணைத் துணிக்கு மாறாமல் உள்ளே வரக்கூடாது. வேறு பண்ணையிலிருந்து வரும் ஆளை வேலைக்குச் சேர்க்கக்கூடாது. வேலையாட்கள் வெளிக்கோழிக் கறி வாங்கக்கூடாது. கேட்டுக்குக் காவல், பீகாரிலிருந்து வந்த மனோஜ். அவனும் அவன் மனைவி சுனிதாவும் பண்ணைக்குள்ளேயே ஒரு அறையில் குடியிருந்தார்கள். மனோஜுக்குத் தமிழ் பாதிதான் வரும். விதி முழுதாக வரும். தீவன லாரி டிரைவர் கெட்ட வார்த்தையில் திட்டினாலும் குளிக்காமல் விடமாட்டான்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் எழுத வந்த விஷயம்.

கௌதம் என்று ஒருவன். அது அவன் உண்மைப் பெயர் இல்லை. என்னைப்போலத் தனியாகப் பிராக்டிஸ் செய்தவன், வயதில் என் மகனைவிடச் சின்னவன். கெட்டிக்காரன். பிரேதப் பரிசோதனையில் கை சுத்தம். உடுப்பும் சுத்தம். தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சட்டை, டக்-இன், தோல் ஷூ. அவன் காரிலிருந்து இறங்கினால் கலெக்டர் ஆபீஸிலிருந்து ஆள் வந்துவிட்டது என்று பயந்து எழுந்து நிற்பார்கள். அதை அவனே பெருமையாகச் சொல்வான்.

ஒரு நாள் காலையில் எனக்குப் போன் செய்தான். ஜேடர்பாளையம் ரோட்டில் ஒரு பண்ணையில் நிற்கிறேன், கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு விழுகின்றன, பச்சையாகக் கழிகின்றன என்றான்.

"வெள்ளைக்கழிச்சல் மாதிரி இருக்குப்பா, துணியில ஷூவுல ஒட்டிக்கிட்டே அடுத்த பண்ணைக்குப் போயிரும். சாம்பிள் எடுத்து அனுப்பு. நேரா ஊட்டுக்குப் போ, தலையோட குளி, போட்டிருக்கற துணி, ஷூ, எல்லாத்தையும் மருந்துத் தண்ணியில முக்கு. ஒரு வாரத்துக்கு எங்கயும் போவாத."

"சரிங்க மேடம்."

"மத்தியானம் எங்கயாச்சும் ஒத்துக்கிட்டிருக்கியா?"

"இல்லீங்க மேடம்."

அதற்குப் பிறகு ஒரு வாரம் இருக்கும். ஈஸ்வரி கூப்பிட்டாள். முட்டை குறைந்துகொண்டே வருகிறது, ஓடு வெளுத்திருக்கிறது, நேற்றிலிருந்து கோழிகள் விழுகின்றன என்றாள். குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

போனேன். தாழ்ப்பாள் போட்டுக் குளித்து, பூப்போட்ட நைட்டியை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். முட்டைக்கு வந்த புதுக்கோழிகள். இரண்டாவது ஷெட்டில் ஒரு வரிசை முழுக்கத் தலை கீழே தொங்கிக் கிடந்தது. சில கோழிகள் கழுத்தைப் பின்னால் திருப்பி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றை அறுத்துப் பார்த்தேன். வெள்ளைக்கழிச்சல்தான், சந்தேகத்துக்கு இடமில்லை. இருந்தாலும் சாம்பிள் எடுத்துக்கொண்டேன்.

வெளியே வந்தபோது மனோஜின் பாத்திரங்கள் மண்ணில் கிடந்தன. ஈஸ்வரியின் தம்பி சேகர் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தியிருந்தான். சுனிதா சுவரோரம் உட்கார்ந்து முகத்தை மூடியிருந்தாள்.

"இவன்தானுங்க டாக்டரம்மா. முந்தாநேத்து ராசிபுரத்துல கோழிக்கறி வாங்கியாந்து ஆக்கித் தின்னுருக்கறான். எலும்பு அந்தக் குப்பையில கெடக்குது பாருங்க. சோறு போட்ட பண்ணையையே தின்னுபுட்டான். போலீசுக்குச் சொல்லியாச்சு. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இவன உள்ள தள்ளிருவேன்."

"கறி வாங்கினியா மனோஜ்?"

"வாங்கினேன் அம்மா. சுனிதா உடம்பு செரியில்லே. அவ கேட்டா. ஒரு வாட்டி. தப்பு அம்மா." கையெடுத்துக் கும்பிட்டான். "சீக்கு நான் கொண்டு வரலே அம்மா."

ஈஸ்வரி கேட்டின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னையே பார்த்தாள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

புதியவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கல்லூரியில் நோயைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். நோய்க்குக் காரணம் யார் என்று ஒரு கூட்டம் கேட்கும்போது என்ன சொல்வது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. "இருக்கலாம்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதில் பொய்கூட இல்லை. கறிக்கடைக் கோழியிலும் சீக்கு வரும். சேகர் சமாதானமாவான். பண்ணை எனக்கு இருக்கும். கூலிக்காரன் ஒருவன் ஸ்டேஷனில் உதை வாங்குவான். நம் தொழிலில் எத்தனை பேர் இந்த "இருக்கலாம்" என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டுக் காரில் ஏறியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

"சட்டையை விடு சேகர்" என்றேன். "முட்டை எப்பலருந்து குறையுது?"

"நாலஞ்சு நாளா" என்றாள் ஈஸ்வரி.

"கறி வந்தது முந்தாநேத்து. முட்டை குறைய ஆரம்பிச்சது அதுக்கு முந்தி. அப்பறம் எப்படி இவன்? கறி வாங்கினது தப்பு, அதுக்கு நாலு திட்டு திட்டிக்க. ஆனா இந்தச் சீக்கு அதுல வரல."

"பொறகு யாருங்க? காத்துல வந்துச்சுங்களா?" சேகர் இன்னும் சட்டையை விடவில்லை.

அப்போது எனக்கு ஒரு நினைப்பு வந்தது. ஒரு மாதமாகவே சேகர், வேறு ஒரு டாக்டரைக் கூட்டி வந்து காட்டலாம், பெரிய பெரிய பண்ணைக்கெல்லாம் போகிறவர் என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். யார் என்று எனக்குத் தெரியும். என் வாடிக்கையைப் பிடிக்க வருகிறவனின் பெயரை நானே இழுத்தால், இந்தக் கிழவிக்குப் பொறாமை என்று சொல்வார்கள். சோதனைக்கூடம் கிருமியின் பெயரைச் சொல்லும், அதைக் கொண்டுவந்த காலின் பெயரைச் சொல்லாது. என்னிடம் ருசு இல்லை. நான் பெயர் சொல்லவில்லை. கேட்டைப் பற்றி மட்டும் கேட்டேன்.

"மனோஜ், போன வாரம் வெளியிலருந்து யாரெல்லாம் உள்ள வந்தாங்க?"

"தீவன லாரி. முட்டை லாரி. குளிச்சாங்க அம்மா. லுங்கி கட்டினாங்க."

"வேற?"

அவன் ஈஸ்வரியைப் பார்த்தான். சட்டை இன்னும் சேகரின் கையில்தான் இருந்தது. போலீஸ் வரப்போகிறது. மனைவி அழுகிறாள். அப்போதும் அவன் முதலாளியம்மாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"வேற யாரும் இல்ல டாக்டரம்மா" என்றான் சேகர்.

"கௌதம் டாக்டர் வந்தாருங்க" என்றாள் ஈஸ்வரி.

"யக்கா, நீ சும்மா இரு."

"நீ சும்மா இருடா." தூணை விட்டுவிட்டு முன்னால் வந்தாள். "போன வாரம் ஒரு மத்தியானம் வந்தாருங்க டாக்டரம்மா. உங்ககிட்டச் சொல்லாம வரச் சொன்னது தப்புத்தானுங்க. இந்த மனோஜ் லுங்கிய எடுத்து நீட்டினான். அவரும் ஷூவக் கழட்டப்போனாருங்க. நாந்தான் வேண்டாமுன்னுட்டேன்."

"ஏன் ஈஸ்வரி?"

"அத்தனை வெள்ளையா உடுத்தி வந்தாருங்க. படிச்சவரு, மொதத் தடவை வாராரு. நம்மகிட்ட இருக்கறது லாரிக்காரங்க கட்டி அவுத்த லுங்கி. அதைப் போயி அவருக்கு எப்படிங்க குடுக்கறது? எனக்கு வெக்கமா இருந்துச்சுங்க. சும்மா வாங்க டாக்டர்னு நாந்தான் கூட்டிட்டுப் போனேன். இவன் குறுக்க வந்து, அம்மா ரூல்ஸ் அம்மான்னான். பெரியவங்ககிட்ட மரியாதை தெரியாதாடான்னு இவனத் திட்டிட்டேன்."

சேகர் சட்டையை விட்டான்.

ஷெட்டிலிருந்து கோழிகள் மூச்சு இழுக்கும் குறட்டைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரியும். ஈஸ்வரி என்னிடம் கேட்டாள், "எத்தனை மிஞ்சுமுங்க?" நான் சொன்னேன். பொய் சொல்லவில்லை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு குழி தோண்டினார்கள். மனோஜும் தோண்டினான்.

கௌதமை என் வீட்டுக்கு வரச் சொன்னேன். வாசலிலேயே நிறுத்தித்தான் பேசினேன்.

"ஜேடர்பாளையத்துலருந்து பேசின அன்னைக்கு மத்தியானம் எங்கயும் போவலைன்னு சொன்னியே."

"குளிச்சுட்டு வேற சட்டை போட்டுத்தான் மேடம் போனேன். சேகர் ஒரு மாசமாக் கூப்புட்டுட்டு இருந்தாரு. அன்னைக்கு வரலைன்னா வேற ஆளப் பாத்துக்குவேன்னுட்டாரு. நமக்கென்ன மேடம், மாசச் சம்பளமா வருது?"

"ஷூ?"

தரையைப் பார்த்தான். "ஒரு ஷூதான் மேடம் நல்லதா இருக்கு. துடைச்சேன்." பிறகு அவனுக்கும் கோபம் வந்தது. "நான் கழட்டத்தான் போனேன். ஓனரம்மாவே வேண்டாமுன்னாங்க. நான் என்ன பண்ணமுடியும்?"

"ஓனரம்மா வேண்டாமுன்னாங்க. கோழி வேண்டாமுன்னுச்சா?"

அவன் போய்விட்டான். பிறகு என்னோடு பேசவில்லை. உங்களில் பாதிப் பேர் அவன் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்திருப்பீர்கள். பண்ணைக்காரர் மரியாதைக்காக விதியைத் தளர்த்துவார். அதைக் கேட்க நன்றாக இருக்கும். மாதச் சம்பளம் இல்லாதவனுக்கு அந்த மரியாதைதான் சோறு. அதனால்தான் அதை வாங்காமல் இருப்பது கஷ்டம். கஷ்டமாக இருந்தாலும் வாங்காதீர்கள். வெளுத்துப் போன லுங்கியை நீட்டினால் கை நீட்டி வாங்கிக் கட்டுங்கள். நீட்டாவிட்டால் கேட்டு வாங்குங்கள். அதற்காகப் பண்ணை கைவிட்டுப் போனால் போகட்டும்.

நான் சொல்ல வந்தது இதோடு முடிந்துவிட்டால் நன்றாகத்தான் இருக்கும். முடியவில்லை.

ஈஸ்வரி ஷெட்டுகளைப் பூட்டினாள். மறுபடி குஞ்சு விட அவளுக்குத் தெம்பில்லை. போலீஸ் வந்து விசாரித்துவிட்டு மனோஜை விட்டுவிட்டுப் போயிற்று. அவனிடம் ஈஸ்வரி மன்னிப்புக் கேட்டாள், எல்லோர் எதிரிலும். அதை அவன் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. என்னிடம் வந்து ஒன்றுதான் கேட்டான்.

"அம்மா, வேற பண்ணையிலே சொல்லுங்கோ. நான் பண்ணலேன்னு சொல்லுங்கோ. கேட் வேலை எனக்கு நல்லாத் தெரியும்."

கேட் வேலையில் அவனைப் போல ஒருவன் இந்த ஜில்லாவில் இல்லை என்று நான் எத்தனையோ பண்ணைக்குச் சொன்னேன். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். கடைசியாகப் பனமரத்துப்பட்டி பக்கம் என் நெடுநாள் வாடிக்கைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டேன். மனோஜும் சுனிதாவும் என் வீட்டு வாசலில் மூட்டையோடு நின்றிருந்தார்கள். இருவரும் குளித்து, துவைத்த துணி கட்டியிருந்தார்கள்.

"நல்ல பையன்தானுங்க, இல்லைங்கல" என்றார் அவர். "ஆனா சீக்கு வந்த பண்ணைல இருந்தவன எப்படிங்க உள்ள உடறது? வேற பண்ணை ஆள சேக்கக்கூடாதுன்னு நீங்கதானுங்களே எழுதிக் குடுத்தீங்க. நம்ம கேட்டுலயும் அதைத்தானுங்க பெயின்டுல எழுதி வெச்சிருக்கறோம்."

அவர் சொன்னது சரி. போனை வைக்கப்போனேன்.

"அப்பறம் டாக்டரம்மா, உங்களுக்குத்தான் முட்டி முடியலைன்னீங்களே. அதனால நாளைக்கு அந்த கௌதம் தம்பிய வரச் சொல்லியிருக்கறோமுங்க. கோச்சுக்காதீங்க."

"லுங்கி குடுங்க" என்றேன்.

"அய்யோ, டாக்டருக்குங்களா?" என்று சிரித்தார்.

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று நினைவில்லை. எதிர்முனையில் போன் வைக்கப்பட்ட பிறகும் கத்திக்கொண்டிருந்தேன் என்று சுனிதாவின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மனோஜ் குனிந்து மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தான். நான் கார் சாவியை எடுத்துக்கொண்டு வந்து, இருவரையும் ஊருக்கு ரயிலேறச் சேலம் ஜங்ஷனில் இறக்கிவிட்டேன்.